பஞ்சமி வீட்டு யன்னல்

ஹோலின் நடுவில் லெச்சுமியைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. அதே ஹோலில், அவளுக்குக் கிட்டத்தான், இரண்டு பேர் அலவாங்கும் உளியும் வைத்துக்கொண்டு சுவரோடு மல்லுக்கட்டினார்கள்.

யன்னலைக் கழற்றுகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் சீமெந்துத் தூள் கிளம்பி, அவளுக்கு உடுத்தியிருந்த கூறைச்சேலையில் வந்து படிந்தது. என் அக்கா ஒரு பழைய துவாயால் அதைத் தட்டித் தட்டிவிட்டுக்கொண்டே அழுதாள். தூள் மூக்கில் ஏறியதால் இடையிடையே தும்மினாள். தும்மிவிட்டு மறுபடி அழுதாள்.

நான் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் செத்தவீடு அது. ஆனால் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. லெச்சுமியின் தம்பி பெருமாள் முற்றத்து வேப்பமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த யன்னலைக் கழற்ற வைத்தவன் நான்தான்.

சென்ற வாரம் பஸ் கண்டக்டராக இருந்த காலத்துக் கூத்துகளை எழுதியிருந்தேன். சிரித்ததாகச் சிலர் போன் எடுத்துச் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்புக் கொஞ்சம் குறையும். லெச்சுமியைப் பற்றி எழுதாமல் இந்தத் தொடரை எத்தனை வாரம்தான் இழுப்பது என்று எனக்கே அலுத்துவிட்டது.

வரமாட்டேன் என்ற யன்னல்

முதலில் அந்த யன்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு துணுக்காய்ப் பக்கம், வாய்க்கால் கரையில். கலியாணம் முடித்துச் சில வருஷத்தில் நானும் லெச்சுமியும் கட்டியது. காற்று வேண்டும் என்று ஹோலுக்கு அகலமான ஒரு யன்னல் வைத்தோம். முதிரை மரத்து நிலை. மாங்குளத்துத் தச்சர் ஒருவர் செய்து தந்தது. எனக்கு எதையும் ஆட்டி அசைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. பஸ் கதவு ஆடினாலே கோபம் வரும். அதனால் மேசனுக்குப் பக்கத்தில் நின்று, சீமெந்தைக் குறைக்காதே, இரும்பை ஆழமாக இறக்கு என்று அவனைப் படாதபாடு படுத்தி அந்த நிலையைச் சுவரில் வைத்தேன்.

பிறகு இடம்பெயர்வு வந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் வீடுகளை அந்தந்த வீட்டு ஆட்களே பிரித்தார்கள். ஓடு, தகரம், கதவு, நிலை எல்லாம் ட்ரக்டர் பெட்டியில் ஏறும். போகிற இடத்தில் ஒரு கொட்டில் போட வேண்டுமே. நாங்களும் பிரித்தோம். கதவு வந்தது. கூரைத் தகரம் வந்தது. இந்த யன்னல் மட்டும் வரமாட்டேன் என்று நின்றது. நான் அலவாங்கைப் போட்டு நெம்பி, வேர்த்து விறுவிறுத்து, தச்சரையும் மேசனையும் என்னையும் சேர்த்துத் திட்டினேன்.

ட்ரக்டர்காரன் அவசரப்படுத்தினான். ஷெல் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. லெச்சுமி பெட்டிக்கு மேலே இருந்தபடி, அதை விடச் சொன்னாள். அது நின்று வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டுமாம். எனக்கு ஆத்திரம். ஆனால் விட்டுவிட்டு ஏறினேன்.

கொண்டுபோன கதவும் தகரமும் எந்த ஊரில் எந்த மண்ணில் போயின என்று இன்றைக்கும் தெரியாது. முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை. ஒரு பக்கச் சுவர் இல்லை. ஹோலுக்குள் ஆள் உயரத்துக்குப் பற்றை. யன்னல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எவனோ அதிலும் அலவாங்கு போட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். நிலையில் புதிதாக இரண்டொரு காயம்.

லெச்சுமி அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். முகாமுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அப்போதுதான். சேதமான வீடுகளைத் திருத்தத் தந்த உதவியில், அந்தச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைக் கட்டினோம்.

குசினிப் பக்கம்

லெச்சுமியின் ஆட்கள் மலைநாட்டவர்கள். தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள், அங்கே இருக்க முடியாமல் போனபோது வவுனியாப் பக்கம் வந்து நெளுக்குளத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணி கிடைத்து வந்தவர்கள். பார்த்தால் இரண்டு பகுதியும் வன்னிக்கு வந்தவர்கள்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தாங்களும் வந்தவர்கள் என்ற நினைப்பு இருப்பதில்லை.

அவள் அரிசி ஆலையில் வேலைக்குப் போக என் பஸ்ஸில் ஏறுவாள். அந்தக் கதையை நான் எழுதியாகிவிட்டது, மறுபடி சொன்னால் ஆசிரியர் வெட்டிவிடுவார். சுருக்கமாகச் சொன்னால், ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தேன். அம்மா அப்போது இல்லை. அக்காதான் வீட்டுக்குப் பெரியவள்.

அக்கா வாசலில் வந்து நின்றாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு என்னிடம், "குசினிப் பக்கத்தாலை வரச்சொல்லு" என்றாள்.

தோட்டத்து ஆட்கள் வேலைக்கு வந்தால், பின்னால் அடுப்படி இருந்த அந்தப் பக்கத்தால்தான் வருவார்கள். லெச்சுமிக்கு அது விளங்கியது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன். அதன் பிறகு எங்கள் வீட்டைக் கட்டும்வரை நாங்கள் இருவரும் குசினி வாசலால்தான் உள்ளே போய் வந்தோம்.

அக்கா பொல்லாதவள் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்தவள். காலப்போக்கில் லெச்சுமியிடம் பழகி, காய்ச்சல் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவாள். லெச்சுமியும் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. தம்பியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். பெருமாள் அதை மறக்கவில்லை.

மாங்குளத்துக்குப் போன நாள்

மாரிக்கு முந்திய வெயில் காலம். தண்ணீர்ப் பம்பில் ஒரு ரப்பர் வாசர் போய்விட்டது. காலமை அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மாங்குளத்துக்குப் பஸ் ஏறினேன். அவளுக்கு இடைக்கிடை இழுப்பு வரும். அன்றைக்கு அதுவும் இல்லை. கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஒரு வாசருக்கு மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. வெயில் நன்றாக ஏறிவிட்டது, மூன்றாவது கடையில் நிற்கும்போது லெச்சுமி போன் எடுத்தாள்.

"எங்கை நிக்கிறீங்கள்?"

"மாங்குளத்திலைதான். வேறை எங்கை நிக்கிறது?"

"ஒடியல் மா கண்டா ஒரு பக்கெற் வாங்கிக்கொண்டு வாங்கோ. இண்டைக்குக் கூழ் காய்ச்சுவம்."

நண்டும் மீனும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது எங்கள் ஒடியல் கூழ். இந்த வெயிலுக்குக் கூழா என்று கேட்டேன். பின்னேரம் தணிந்துவிடும் என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள். பனங்கிழங்கு காயவைத்து இடித்த மா எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஸ்ரேசன் பக்கத்துக் கடை ஒன்றில் இருந்தது, வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து வேலிப் படலையைத் திறக்கும்போதே கூப்பிட்டேன். பதில் இல்லை. குசினி வாசலில் பலகையில் இருந்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். பாதி துருவிய தேங்காய் பக்கத்தில். நித்திரையாக்கும் என்று நினைத்து, மாவைப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தோளைத் தொட்டேன்.

மனிதன் கடைக்குப் போகாமல் இருக்க முடியாது. அதை நான் எனக்குள் பலதரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் போகும்போது ஒருவரும் பக்கத்தில் இல்லை.

எப்ப நடந்தது?

அடுத்த நாள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எப்ப நடந்தது? பக்கத்து வளவுக்காரர் கேட்டார். கிராம சேவையாளர் கேட்டார். அக்காவின் புருஷன், என் அத்தான், பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அத்தான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் போன அன்று வெயில் ஏறும் நேரத்தில் அவிட்ட நட்சத்திரம் தொடங்கியிருந்தது. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவிட்டம் தொட்டு ரேவதி வரை ஐந்து நட்சத்திரம். அதற்குள் உயிர் போனால் எங்கள் பக்கத்தில் அது பஞ்சமிச் சாவு. பிரேதத்தை வாசலால் எடுக்கக் கூடாது. சுவரையோ கூரையையோ திறந்து அதற்குள்ளால் எடுக்க வேண்டும். பிறகு அந்த வீட்டைச் சில மாதம் பூட்டிப்போட வேண்டும். ஒருவரும் போய்வரக் கூடாது. மீறினால் அடுத்தடுத்துச் சாவு விழும் என்று பயம்.

ஆக, லெச்சுமி வெயில் ஏறுவதற்கு முன்னால் போனாளா, பின்னால் போனாளா என்பதில்தான் எல்லாம் இருந்தது. முன்னால் என்றால் வாசல். பின்னால் என்றால் சுவர்.

பஞ்சமி வேண்டும் என்று ஒருவரும் ஆசைப்படவில்லை. எல்லாருக்கும் கரைச்சல். அத்தான் நல்ல மனிதர். பஞ்சாங்கத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்து எனக்கு வழி காட்டினார்.

"நீர் வெளிக்கிட்ட கையோடை நடந்திருக்கும் போலை. என்ன தம்பி?"

நான் ஓம் என்றால் முடிந்தது. அதற்கு மேல் தோண்ட ஒருவரும் நினைக்கவில்லை. நெளுக்குளத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த பெருமாள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா லெச்சுமியின் கால்மாட்டிலிருந்து எழும்பி வந்தாள். என் காதோடு குனிந்தாள்.

"ஓம் எண்டு சொல்லு தம்பி. அவள் முன்வாசலாலை போகட்டும்."

அக்காவின் கண்ணைப் பார்த்தேன். அவளும் அந்தப் பழைய நாளை மறக்கவில்லை என்று அப்போது விளங்கியது. எனக்கு இரங்கத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம்தான். காலமையிலிருந்து எல்லாரும் நேரம் கேட்டுக் கேட்டு, இப்போது நேரத்தையும் தாங்களே சொல்லித் தருகிறார்கள்.

"இல்லை அக்கா" என்றேன். "வெயில் ஏறின பிறகும் அவள் என்னோடை போனிலை கதைச்சவள்."

ஹோல் முழுக்கக் கேட்டுவிட்டது. மெதுவாகச் சொல்லும் தொண்டை எனக்கு இல்லை. முன்னுக்குப் போங்கோ என்று வருஷக்கணக்காகக் கத்திய தொண்டை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலபேர் கேட்டார்கள். எனக்குப் பஞ்சாங்கத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. உண்மைக்கு உயிரைக் கொடுக்கும் ஆளும் இல்லை நான். பஸ்ஸில் சொல்லாத பொய்யா? விஷயம் வேறு. நான் ஓம் என்று சொன்னால் அவள் எனக்குப் போன் எடுக்கவில்லை என்று ஆகிவிடும். அவள் கடைசியாகக் கதைத்தது என்னோடு. அதைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அவளைக் கிடத்தி வைத்துக்கொண்டு, அப்படி ஒரு கதை நடக்கவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வாசலைக் கொடுப்பதா, எனக்கு அந்தக் கதையை வைத்துக்கொள்வதா என்று வந்தபோது நான் கதையை வைத்துக்கொண்டேன்.

பெருமாள் கிட்ட வந்தான். அழவில்லை, சத்தம் போடவும் இல்லை.

"செத்தும் எங்க அக்காவுக்கு வாசல் இல்லையா மச்சான்?" என்றான்.

அவன் வெளியே இறங்கிப்போய் வேப்பமரத்தடியில் நின்றான்.

சுவர் திறந்தது

மேசன் வந்தான். துணைக்கு ஒருவனைக் கூட்டி வந்தான். ஒரு யன்னல்தானே என்று லேசாகத்தான் தொடங்கினார்கள். உளி தெறித்தது. அலவாங்கு வழுக்கியது. மேசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து, இதை வைத்தது யார் என்று என்னிடம் கேட்டான். பக்கத்தில் நின்று வைப்பித்தவன் நான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஐயர் வந்து காத்திருந்தார். பறைக்காரர்கள் அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் தணிந்துகொண்டு போனது. லெச்சுமி பொறுமையாகக் கிடந்தாள். இருட்ட முன் சுடலைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அத்தான் அவசரப்பட, இன்னும் இரண்டு பேர் எழும்பிப் போய் அலவாங்கைப் பிடித்தார்கள். கடைசியில் நிலை ஒரு பக்கத்தால் பிளந்து, சுவரின் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தது. கோழிகள் கத்திக்கொண்டு ஓடின.

அந்த ஓட்டைக்குள்ளால் வெளிச்சம் வந்து நேரே அவள் முகத்தில் விழுந்தது. அக்கா சேலைத் தலைப்பால் மறைத்தாள்.

அவளை வைத்த பெட்டியை உள்ளே நின்றவர்கள் நீளவாட்டில் தூக்கிக் கொடுக்க, வெளியே நின்றவர்கள் வாங்கினார்கள். கார்த்திகைத் தீபத்துக்கும் பொங்கலுக்கும் வவுனியாவில் பஸ் நிறைந்து வழியும்போது, சீற் பிடிக்கவென்று சனங்கள் யன்னலால் பையையும் பிள்ளையையும் உள்ளே தள்ளுவார்கள். நான் கத்துவேன். வாசல் எதற்கு இருக்கிறது என்று கேட்பேன். அன்றைக்கு எனக்கு அந்தக் கத்தல் நினைவு வந்தது. வெளியே நின்று பெட்டியை வாங்கியவர்களில் பெருமாளும் ஒருவன். தலைப்பக்கத்தைப் பிடித்திருந்தான்.

படலைக்கு வெளியே

சுடலையால் வந்ததும் வீட்டைப் பூட்டச் சொன்னார்கள். அக்கா தன் வீட்டில் எனக்குக் கட்டில் போட்டு வைத்திருந்தாள். நான் போகவில்லை. பூட்டுவது என்றால் என்னை உள்ளே வைத்துப் பூட்டுங்கோ என்றேன். விசரன் என்று அத்தான் திட்டினார். அக்கா கெஞ்சினாள். என் பிடிவாதம் தெரிந்தவர்கள், விட்டுவிட்டார்கள்.

எட்டாம் நாள் எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் அக்கா வீட்டில் நடந்தன. நான் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தேன். பெருமாள் இரண்டுக்கும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. சனங்களைக் குறைசொல்ல முடியாது. பஞ்சமி வீட்டுக்குள் கால் வைக்க யாருக்குத்தான் துணிவு வரும்? பக்கத்து வளவுப் பெண் பால் போத்தலை வேலிக் கதியாலில் கொழுவிவிட்டு, "அண்ணை, பால்" என்று ஒரு சத்தம் போடுவாள். நான் வெளியே வருவதற்குள் போய்விடுவாள். மின்சார மீற்றர் பார்க்க வருபவர் படலைக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அந்த மாதம் பில் கூடவா குறையவா வந்தது என்று நான் கவனிக்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நானும் லெச்சுமியும் ஒரு காலத்தில் கவலைப்பட்டு, பிறகு விட்டுவிட்டோம். ஆள் இருந்த வீட்டில் அது பெரிதாகத் தெரியவில்லை.

யன்னல் இருந்த இடம் திறந்தபடி கிடந்தது. மேசனைக் கூப்பிட்டேன். சாந்தி செய்து வீடு திறந்த பிறகு வருகிறேன் என்றான். மற்ற மேசன்மாரும் அதையே சொன்னார்கள். ஒரு தறப்பாளைக் கட்டித் தொங்கவிட்டேன். மாரி தொடங்கியதும் தறப்பாள் அடித்த அடியில் நித்திரை போனது. தண்ணீர் ஹோலுக்குள் வந்து, அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் தேங்கும். நான் காலமையில் துடைப்பேன். மத்தியானம் மறுபடி தேங்கும்.

ஒரு மயில் மட்டும் வந்து போனது. தறப்பாளை விலக்கிக்கொண்டு, வீட்டுக்குச் சொந்தக்காரன்போல உள்ளே நடந்து, கதிரைக்குக் கீழே எல்லாம் பார்த்துவிட்டு, குசினி வாசலால் இறங்கிப் போகும். நான் கலைக்கவில்லை. ஒருநாள் அதற்கு அரிசியும் வைத்தேன்.

சில நாட்களில் பொழுதுபட்டபிறகுதான், காலமையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவு வரும். தொண்டை இருக்கிறதா என்று பார்க்க, மாங்குளம் இறங்கிறவை இறங்குங்கோ என்று ஹோலுக்குள் நின்று சத்தமாகச் சொல்லுவேன். சிரிப்பு வரும். சிரிப்பு முடிந்ததும் வீடு இன்னும் அமைதியாகிவிடும்.

தனிமையில் ஏதோ சுகம் இருக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

போனை எடுத்து அந்த அழைப்பைப் பார்ப்பேன். அவள் பெயர், அன்றைய நாள், பேசிய நேரம் எல்லாம் அதில் இருந்தது. மிகக் கொஞ்ச நேரம்தான் பேசியிருக்கிறோம். இதற்காகவா அவளை யன்னலால் அனுப்பினேன் என்று சில நாள் தோன்றும். சில நாள் இது இல்லாவிட்டால் எனக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று தோன்றும். இரண்டில் எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒடியல் மாப் பக்கெற்றில் வண்டு பிடித்துவிட்டது. அதைக் கோழிக்குக் கொட்டினேன்.

பெருமாள் வந்தான்

மழை விட்டிருந்த ஒரு காலமை படலை திறக்கும் சத்தம் கேட்டது. பெருமாள். தோளில் ஒரு சாக்குப் பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்தான். வீடு திறக்க இன்னும் நாள் இருக்கிறது என்றேன். அவன் காதில் வாங்கவில்லை.

பையில் சாந்தகப்பையும் நூல்குண்டும் இருந்தன. நெளுக்குளத்தில் அவன் தோட்டம் செய்வதோடு மேசன் வேலைக்கும் போகிறவன். என் அக்காதான் அவனுக்குப் போன் எடுத்திருக்கிறாள். தண்ணீர் உள்ளே அடிக்கிறது, இங்கே ஒருவரும் வருகிறார்கள் இல்லை, நீ வந்து மூடிவிட்டுப் போ என்று கேட்டிருக்கிறாள். அக்கா அவனிடம் எதையும் கேட்டது அதுதான் முதல்தரம்.

வேப்பமரத்தில் சாத்திக் கிடந்த யன்னலை அவன் புரட்டிப் பார்த்தான். நிலை பிளந்து, கம்பிகள் வளைந்து போயிருந்தன. மறுபடி வைக்க முடியாது, மூடிவிடலாம் என்றான். சரி என்றேன். வீடு திருத்தியபோது மிஞ்சிய சீமெந்துக் கல் கோடிப்புறத்தில் பாசி பிடித்துக் கிடந்தது. நான் மண்ணை அரித்துக் கொடுக்க அவன் குழைத்தான். நான் கல் எடுத்துக் கொடுப்பேன், அவன் வாங்கி வைப்பான், தட்டிப் பார்ப்பான், அடுத்ததற்குக் கை நீட்டுவான்.

சுவர் இடுப்பளவுக்கு வந்தபோது அவன் நிமிர்ந்தான். என்னைப் பார்க்காமல், கல்லில் வழிந்த சாந்தை வழித்தபடி கேட்டான்.

"அன்னைக்கு அக்கா என்ன பேசிச்சு மச்சான்?"

கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தேன். செத்தவீட்டில், எட்டுச் செலவில், அந்தியேட்டியில், இத்தனை மாதத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை. எப்ப என்றுதான் கேட்டார்கள்.

சொன்னேன். எங்கே நிற்கிறீங்கள் என்று கேட்டதை, ஒடியல் மா வாங்கச் சொன்னதை, கூழ் காய்ச்சுவம் என்றதை, வெயில் தணியும் என்றதை. அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். பெருமாள் கேட்டுக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தலையை ஆட்டிச் சிரித்தான்.

"கூழா?" என்றான். "அக்காவுக்கு அந்த வாசமே ஆகாதே மச்சான். வீட்டுக்கு வர்றப்பெல்லாம் சொல்லும். ஒன் மச்சான் ஆசப்படுறாருன்னு மூக்கப் பொத்திக்கிட்டுக் காச்சுறேன்டா, ஒரு வாயி உள்ள போகாதுன்னு சொல்லிச் சிரிக்கும். இத்தன வருசத்துல தொட்டதே இல்லன்னு சொல்லும்."

சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குக் கை நீட்டினான்.

நான் கல்லைக் கொடுக்காமல் நின்றேன். அவள் காய்ச்சிய கூழ்களையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நண்டு போட்டது, மீன்தலை போட்டது, மழைக்குள் குடித்தது, முகாமால் வந்து முதல்முதல் கல்லடுப்பில் காய்ச்சியது. ஒவ்வொன்றிலும் பெரிய கோப்பையோடு நான் இருக்கிறேன். அவள் அகப்பையோடு நிற்கிறாள், காணுமோ என்று கேட்கிறாள், இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறாள். லெச்சுமி கூழ் குடித்து நான் ஒருநாளும் கண்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.